கன்னம் சரி, கழுத்துதான் எரிகிறது: சேஃப்டி ரேசர் பழகுபவனின் சில கேள்விகள்

கரைமணல்:

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கூருள்ள பழைய பாணி பிளேடு போடும் சேஃப்டி ரேசருக்கு மாறியிருக்கிறேன். மாறியதற்குக் காரணமே கழுத்துதான். எனக்குத் தாடி சுருள் முடி. ஷேவ் செய்த மறுநாள் தாடைக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பும். சிலவற்றுக்குள் முடி சுருண்டு கிடப்பது கண்ணாடியிலேயே தெரியும். ஒற்றை பிளேடு என்றால் இது குறையும் என்று படித்த பிறகே வாங்கினேன்.

கையில் இருப்பது: மூன்று பாகமாகக் கழலும் ரேசர் (விளிம்பில் பல் இல்லாத வகை), செயற்கை இழை பிரஷ், டப்பாவில் வரும் ஷேவிங் கிரீம், பல கம்பெனி பிளேடுகள் கலந்த ஒரு பாக்கெட். இப்போது போட்டிருப்பது ஃபெதர்.

கன்னமும் கிருதாப் பக்கமும் நன்றாக வருகின்றன. பிளேடு முடியை வெட்டும் சத்தம் காதில் கேட்பது எனக்குப் புதிது, மிகவும் பிடித்திருக்கிறது. கழுத்துக்கு வந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. குரல்வளையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ரத்தம், தாடை எலும்புக்குக் கீழே ஒரு சிவந்த பட்டை, அன்று முழுக்கச் சட்டைக் காலர் பட்டாலே எரிச்சல்.

செய்யும் முறையைச் சொல்கிறேன். குளித்த உடனே ஷேவ் செய்கிறேன். முதல் சுற்று மேலிருந்து கீழே. மறுபடி நுரை போட்டு, கழுத்தை மட்டும் தோலை நன்றாக இழுத்துப் பிடித்துக் கீழிருந்து மேலே வழிக்கிறேன். அப்போதுதான் வழவழப்பாகிறது.

30 டிகிரி கோணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கழுத்து வளைவில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிளேடை எத்தனை முறை பயன்படுத்தலாம்? முடிந்ததும் துண்டால் துடைத்து வைக்கலாமா? பழகியவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

முதலில் அந்த பிளேடை மாற்றுங்கள். ஃபெதர் நல்ல பிளேடுதான், ஆனால் சந்தையில் இருப்பவற்றில் மிகக் கூர்மையானவற்றில் ஒன்று. கை பழகும்வரை வேண்டாம். பாக்கெட்டில் வேறு எது இருந்தாலும் போடுங்கள், ஒரே பிளேடு வகையில் சில வாரம் நில்லுங்கள். தினம் ஒரு கம்பெனி மாற்றினால் எரிச்சல் கையால் வந்ததா பிளேடால் வந்ததா என்று கடைசிவரை தெரியாது.

பழம்பிடி:

தம்பி, இரவுப்பணி சொன்னது சரி. நான் பழைய ரேசர்களை வாங்கிச் சுத்தம் செய்து, அவற்றிலேயே ஷேவ் செய்து வருபவன். சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது கடைசிக்கு முந்தைய பத்தி. தோலை இழுத்துப் பிடித்து, கீழிருந்து மேலே, வழவழப்பு வரும்வரை. உங்கள் கழுத்துக்கு அந்த வழவழப்பு வேண்டாம். அதைத் தேடுவதை நிறுத்தினால் உங்கள் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும்.

காரணம் இது. கார்ட்ரிட்ஜில் முன்னால் போகும் பிளேடு முடியைப் பற்றிச் சற்றே வெளியே இழுக்கும். அது திரும்பி உள்ளே போவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டிவிடும். வெட்டுப்பட்ட நுனி தோல் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். நேரான முடி என்றால் போன வழியிலேயே மேலே வந்துவிடும். சுருள் முடி அப்படி வராது. உள்ளேயே வளைந்து பக்கத்தைக் குத்தும், அல்லது வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வளைந்து மறுபடி தோலுக்குள் இறங்கும். உடம்பு அதை வெளியிலிருந்து வந்த பொருளாக நினைத்து வீங்குகிறது. தோல் மருத்துவர்கள் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று சொல்வது இதைத்தான்.

ஒற்றை பிளேடில் இந்த இழுத்து வெட்டும் வேலை இல்லை. அதனால்தான் பலருக்கு நன்மை. ஆனால் நீங்கள் விரலால் தோலை இறுக்கி இழுத்து, முடி வளரும் திசைக்கு எதிராக வழித்தால், ஒற்றை பிளேடும் அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். தோலை விட்டதும் நுனி உள்ளே போய்விடும். ரேசரை மாற்றியும் கொப்புளம் நிற்காமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தோலை இழுத்துப் பிடி என்று எல்லாக் கையேடும் சொல்லும். நேர்முடிக்காரர்களுக்கு அது நல்ல அறிவுரை. சுருள் முடிக்குத் தோல் தட்டையாக இருந்தால் போதும், இறுக்கமாக இருக்க வேண்டாம். தலையைச் சற்று நிமிர்த்தினால் கிடைக்கும் தட்டையே கழுத்தின் பெரும்பகுதிக்குப் போதுமானது. குரல்வளை மேட்டில் மட்டும் தோலை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். மேட்டின் மேல் இருந்த தோல் பக்கத்துத் தட்டைப் பகுதிக்கு வந்துவிடும். அங்கே வைத்து வழியுங்கள். மேட்டின் மேலேயே பிளேடை ஓட்டுவதால்தான் அந்த ரத்தப் புள்ளிகள்.

அடுத்தது திசை. மேலிருந்து கீழே என்றால் முடி வளரும் திசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கன்னத்தில் சரி. கழுத்தில் பலருக்கு அது சரியாக இருக்காது. இரண்டு நாள் முடி வளர்ந்திருக்கும்போது, ஈரமில்லாத கழுத்தை விரல் நுனியால் நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் திசை வளரும் திசை, விரலைத் தடுக்கும் திசை எதிர்த்திசை. ஒரு ரூபாய் நாணயம் அளவு இடமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் மாறும். எனக்கு இடப்பக்கக் கழுத்தில் முடி காதை நோக்கிச் சாய்ந்து வளர்கிறது, வலப்பக்கத்தில் குரல்வளையை ஒட்டி ஒரு சுழியே இருக்கிறது. தாளில் முகத்தை வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் ரேசரையும் சோப்பையும் மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உங்கள் கழுத்து முடி மேல்நோக்கி வளர்வதாக இருந்தால், நீங்கள் மென்மையான சுற்று என்று நினைத்துச் செய்யும் முதல் சுற்றே எதிர்த்திசைதான்.

வரைபடம் கிடைத்ததும் கழுத்தில் வளரும் திசையில் ஒரே ஒரு சுற்று. சில வாரம் கழித்து, தோல் அமைதியாக இருந்தால், குறுக்குவாட்டில் இன்னொன்று. எதிர்த்திசை உங்கள் கழுத்துக்கு இப்போதைக்கு மட்டும் இல்லை, எப்போதுமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சும். மிஞ்சட்டும். நுனி தோலுக்கு வெளியே இருக்கும்வரை அது உள்ளே திரும்பி வளராது.

கோணத்துக்கு வருகிறேன். 30 டிகிரியை யாரும் அளந்து பார்த்து ஷேவ் செய்வதில்லை. ரேசரின் தலைப்பகுதியைக் கன்னத்தில் தட்டையாக வையுங்கள், கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே மெல்ல நகர்த்திக்கொண்டே கைப்பிடியைக் கீழே இறக்குங்கள். ஓரிடத்தில் வெட்டும் சத்தம் தொடங்கும். அதுதான் உங்கள் ரேசரின் கோணம், அதற்குமேல் இறக்க வேண்டாம். கழுத்தில் வளைவு மாறிக்கொண்டே இருப்பதால் நீளமாக இழுக்கவே கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுங்கள், எடுங்கள், மறுபடி சத்தத்தைத் தேடுங்கள். உங்களுக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காதே உங்களுக்கு நல்ல வாத்தியார்.

அழுத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தச் சிவந்த பட்டை அதைத்தான் சொல்கிறது. கார்ட்ரிட்ஜின் தலை அசையும், நாம் அழுத்தினால் சாய்ந்து கொடுக்கும். சேஃப்டி ரேசர் விறைப்பானது, அழுத்தினால் அந்த அழுத்தம் முழுவதும் தோலுக்குப் போகும். கைப்பிடியின் அடிநுனியை இரண்டு மூன்று விரல்களால் மட்டும் பிடியுங்கள். உலோகத்தின் எடையே வெட்டும். வெட்டவில்லை என்றால் பிளேடு மழுங்கிவிட்டது அல்லது கோணம் தவறு. அழுத்துவது எதற்கும் பதிலாகாது.

இன்னொன்றும் பாருங்கள். பிளேடைப் பொருத்தியபின் ரேசரின் தலையை நேர் எதிரே பிடித்து, இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று பாக ரேசரில் இது சில சமயம் கோணலாக உட்காரும், ஒரு பக்கம் அதிகம் கடிக்கும். பட்டை கழுத்தின் ஒரே பக்கம்தான் வருகிறது என்றால் இதைச் சந்தேகப்படலாம். சுமார் 0.1 மில்லிமீட்டர் தகடு அது, தனியாக இருந்தால் துவளும். தலைப்பகுதி அதை வளைத்து இறுக்கிப் பிடிப்பதால்தான் விறைப்பு கிடைக்கிறது. இந்த வகை ரேசரைக் கொண்டுவந்த கிங் கேம்ப் ஜில்லெட் 1901-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது பெரிய தடையாக நின்றதும் இந்த மெல்லிய தகடுதான். இவ்வளவு மெல்லிய எஃகைக் கடினமாக்கிக் கூர் தீட்ட முடியாது என்றே அவரிடம் சொன்னார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கான எந்திரங்களை உருவாக்கிய பிறகு, 1903-ல் விற்பனை தொடங்கியது. ஒவ்வொரு முறை பிளேடு மாற்றும்போதும் எனக்கு நிக்கர்சன் நினைவு வரும். பெயர் பெட்டியில் வந்தது ஜில்லெட்டுக்கு, வேலையை நடத்திக் காட்டியது அவர்.

துடைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அந்தக் காலத்து பிளேடு கார்பன் எஃகு, ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதைத் துடைத்து வைத்ததில் அர்த்தம் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் வில்கின்சன் ஸ்வோர்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஸ்டெயின்லெஸ் பிளேடு வந்தபிறகு அந்தத் தேவை போய்விட்டது. இன்றைய பிளேடின் விளிம்பில் மெல்லிய பூச்சு இருக்கிறது, துண்டின் இழை அதைக் கெடுக்கும், விரலும் வெட்டுப்படும். ஓடும் தண்ணீரில் அலசி, உதறி, காற்றுப்படும்படி வையுங்கள்.

எத்தனை முறை என்பது தாடியைப் பொறுத்தது. நான்கைந்து ஷேவ் என்பது பொதுக் கணக்கு. முடியைப் பிடித்து இழுப்பதுபோல் ஒரு உணர்வு வந்த அந்த நொடியே தூக்கிப் போடுங்கள். எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி எஃகை எப்படிக் கெடுக்கிறது என்று 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். விளிம்பு மெல்லத் தேய்வதைவிட, சில்லுச் சில்லாகப் பெயர்வதே முக்கியக் காரணமாக இருந்தது. முடி வெட்டுப்படும் முன் வளைந்து சாயும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் அந்தச் சில்லு பெயர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பல்லைத்தான் கழுத்துத் தோல் முதலில் உணரும்.

இப்போது கொப்புளங்கள் சிவந்து இருந்தால், முதலில் மூன்று நாலு வாரம் பிளேடே வைக்காமல் வளர விடுங்கள். அலுவலகத்துக்கு அது முடியாது என்றால் டிரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். உள்ளே சுருண்ட முடியைப் பிடுங்க வேண்டாம். சீழ் வைத்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

கரைமணல்:

சார், இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு மிக்க நன்றி. உங்கள் பதிவைப் படித்துவிட்டு இப்போதே தடவிப் பார்த்தேன். கழுத்தின் கீழ்ப்பாதியில் முடி மேல்நோக்கித்தான் வளர்கிறது! காலர் எலும்பிலிருந்து தாடையை நோக்கி. இடப்பக்கம் மட்டும் குறுக்கே போகிறது.

இன்னும் ஒரு சந்தேகம். கன்னத்தை முடித்துக் கழுத்துக்கு வருவதற்குள் நுரை காய்ந்து வெள்ளைத் தூளாகிவிடுகிறது. எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர், சோப்பே சரியாக நுரைக்காது. கிரீமில் மென்தால் இருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கும் என்று வாங்கியது.

நுரைக்காரி:

இந்தக் கேள்வியை விட மனமில்லை, நுரைதான் என் உலகம். வீட்டில் ஷேவிங் சோப் காய்ச்சுவேன், கால்களுக்கு சேஃப்டி ரேசர்தான் பயன்படுத்துகிறேன்.

ஷேவிங் சோப்பின் உயிர் ஸ்டியரிக் அமிலம். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்தால் மென்மையான, தண்ணீரை விரும்பி ஏற்கும் சோப் கிடைக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் கெட்டியாகும். நீங்கள் உப்புத் தண்ணீர் என்று சொல்லும் கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்த சோப்பைப் பிடித்துக் கரையாத கசடாக மாற்றிவிடும். நீங்கள் போடும் கிரீமில் ஒரு பங்கு நுரையாகவே ஆவதில்லை. பேட்டரிக்கு ஊற்றுவார்களே, அந்த வகை வடிநீர் கால் டம்ளர் போதும், பிரஷ் நனைக்கவும் நுரை கட்டவும் மட்டும். முகம் கழுவ உங்கள் குழாய்த் தண்ணீரே போதும். ஒரு முறை செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் ஓரளவு உதவும், ஆனால் காய்ச்சுவதால் எல்லாக் கடினத்தன்மையும் போகாது.

நுரை காய்வதற்கு இன்னொரு காரணம், தண்ணீர் போதாமை. பழகுபவர்கள் நிறையப் பேர் நுரை உயரமாக எழும்பியதும் நிறுத்திவிடுகிறார்கள். அது காற்று. பிரஷ் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு, சுழற்றி, மறுபடி தொட்டு, மறுபடி சுழற்ற வேண்டும். குமிழி கண்ணுக்குத் தெரியக் கூடாது. மேற்பரப்பில் ஒரு பளபளப்பு வரும், பிரஷை எடுத்தால் கூம்பு நிமிர்ந்து நிற்காமல் நுனி மடியும். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள், வழுக்க வேண்டும். அந்த வழுக்கல்தான் தோலைக் காக்கிறது, உயரம் காப்பதில்லை. முகம் முழுக்க ஒரே நேரத்தில் பூசவும் வேண்டாம். கன்னத்தை முடித்துவிட்டுக் கழுத்துக்குத் தனியாகப் பூசுங்கள். பூசி இரண்டு மூன்று நிமிடம் ஈரத்தில் ஊறிய முடி நன்றாக இளகியிருக்கும்.

மென்தாலைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஷேவ் செய்யாத ஒரு நாள், அந்தக் கிரீமை நுரை கட்டிக் கழுத்தில் பூசி, சில நிமிடம் விட்டுக் கழுவுங்கள். பிளேடே வைக்க வேண்டாம். அன்றும் எரிந்தால், குற்றம் உங்கள் கையிலும் இல்லை, பிளேடிலும் இல்லை. மென்தாலோ வாசனைப் பொருளோ உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாசனை சேர்க்காத கிரீமுக்கு மாறிவிடுங்கள். பழம்பிடி சார் சொன்னதையெல்லாம் செய்யும் முன்பே இதைச் செய்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்த எரிச்சலும் அழுத்தத்தால் வரும் எரிச்சலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

பழம்பிடி:

நுரைக்காரி சொன்ன பரிசோதனை அருமை, எனக்குத் தோன்றவில்லை. தம்பி, முதலில் அதையே செய்யுங்கள்.

வடக்குமுற்றம்:

நடுவில் ஒரு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். அப்பா படுக்கையில் இருக்கிறார், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவர் காலமெல்லாம் சேஃப்டி ரேசரில் ஷேவ் செய்தவர், அதிலேயே செய்துவிடு என்கிறார். நான் கற்றுக்கொண்டு செய்துவிடலாமா?

பழம்பிடி:

வேண்டாம் அம்மா. அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எலக்ட்ரிக் ஷேவர்தான் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சின்ன வெட்டும் நெடுநேரம் கசியும். அதோடு, அடுத்தவர் முகத்தில் வழிக்கும்போது தோல் என்ன சொல்கிறது என்று நம் கைக்கு மட்டும்தான் தெரியும், முகத்துக்குத் தெரிவது நமக்கு வந்து சேராது. பழகியவர்களுக்கே அது சிரமம்.

அப்பாவின் ஆசையை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். வெதுவெதுப்பான துண்டை முகத்தில் வைத்து, பிரஷால் நுரை பூசித் துடைத்துவிடுங்கள். முகம் நன்றாகக் காய்ந்தபிறகு ஷேவரை ஓட்டுங்கள். அவர் தேடுவது அந்த பிரஷின் தொடலும் சோப்பின் வாசனையுமாகத்தான் இருக்கும். எதற்கும் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வடக்குமுற்றம்:

மிக்க நன்றி ஐயா. பிரஷ் பழைய பெட்டியில் இருக்கிறது, தேடி எடுக்கிறேன்.

கரைமணல்:

பிளேடு வைக்காமல் கிரீம் மட்டும் பூசிப் பார்த்தேன். லேசாக எரிந்தது, ஆனால் கழுவியதும் போய்விட்டது. பட்டையும் வரவில்லை. ஆக, கிரீமும் கொஞ்சம் காரணம், கை அதைவிட அதிகக் காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன். வாசனை இல்லாத கிரீம் வாங்குகிறேன், வடிநீரும். கொப்புளம் அடங்கும்வரை டிரிம்மர்.

கடைசியாக இரண்டு: முடித்தபின் படிகாரம் தேய்ப்பது அவசியமா? பழைய பிளேடுகளை எங்கே போடுவது? குப்பைப் பையில் போட மனம் வரவில்லை.

இரவுப்பணி:

படிகாரம் அவசியம் இல்லை, ஆனால் பழகும் காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, நனைத்த கட்டியை முகமெங்கும் ஒருமுறை ஓட்டுங்கள். எங்கே அதிகம் வழித்தீர்களோ அங்கே மட்டும் சுரீரென்று இருக்கும். அடுத்த முறை எந்த இடத்தில் கையை இலேசாக்க வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அரை நிமிடம் கழித்துக் கழுவிவிடுங்கள், அப்படியே விட்டால் தோலை வறட்டும்.

பழம்பிடி:

குப்பைப் பையில் வெறுமனே போடவே கூடாது. அதைக் கையால் பிரிக்கும் தொழிலாளியின் விரல் போகும். அமெரிக்காவின் பழைய வீடுகளில் குளியலறை மருந்து அலமாரியின் பின்பக்கம் ஒரு கீறல் துளை வைத்திருப்பார்கள், பழைய பிளேடு அதன் வழியே சுவருக்குள் விழுந்துவிடும். வீட்டை இடித்துப் புதுப்பிப்பவர்கள் சுவருக்குள் துருப்பிடித்த பிளேடுக் குவியலைப் பார்க்கிறார்கள். நாம் அப்படி அடுத்த தலைமுறைக்கு விட வேண்டாம்.

திறக்காத ஒரு தகர டப்பாவை எடுத்து, மேல்பக்கத்தில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போட்டு, உள்ளிருப்பதை ஊற்றிவிட்டு, கழுவிக் காயவையுங்கள். பிளேடைக் குறுகிய முனைகளில் பிடித்து உள்ளே தள்ளுங்கள், கூர்ப்பக்கத்தில் கை வேண்டாம். பிளேடுகள் மெல்லியவை, ஒரு டப்பா பல வருடம் வரும். நிறைந்ததும் கீறலைத் தட்டி மூடி, டேப் ஒட்டி, உள்ளே பிளேடு என்று பெரிதாக எழுதுங்கள். பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுப்பதானால் உள்ளே என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்லிக் கொடுங்கள்.

தோல் ஆறி, மறுபடி பிளேடு வைக்கும் நாளில் இந்தத் திரியிலேயே எழுதுங்கள் தம்பி. கழுத்து வரைபடத்தையும் போடுங்கள், இடப்பக்கக் குறுக்குவாட்டுக்கு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன்.